ஒம்ரினா சுட்ட ரொட்டி

கிமியெத் அந்த ஹெலிகாப்டரில் வருவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒம்ரினா மாவு மூட்டைகளுக்காகத்தான் தளத்துக்கு வந்திருந்தாள். வடகோடிப் பனிக்கடல் கரையில் இருந்த எங்கள் ஊரின் ஒரே ரொட்டிக்கூடம் அவள் பொறுப்பில் இருந்தது. மாவு தீர்ந்துபோய் அடுப்பு அணைந்து கிடந்தது. மூட்டைகள் இறங்குவதற்கு முன்னால் அவள் புருஷன் கிமியெத் இறங்கினான். காசநோய் ஆஸ்பத்திரியில் குளிர்காலம் முழுக்க இருந்தாக வேண்டும் என்று சொல்லி வசந்தத்தில் நகரத்துக்கு அனுப்பி வைக்கப்பட்டவன், கோடை முடிவதற்குள் ஒரு பையோடு வந்து நின்றான். கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

"என்ன, செத்தவனப் பாத்த மாதிரி பாக்குற?"

"விட்டுட்டாங்களா?"

"குணமாயிடுச்சாம். இருமிக் காட்டட்டுமா? வராது பாரு."

மகள் நுத்தெனா ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தூக்கி, கழுத்தில் மூக்கை வைத்து நீளமாக மோந்தான். ஒம்ரினாவுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் அவன் பக்கத்தில் நின்றதே போதும் என்று இருந்தது.

நர்ஸ் ஸினாயிதா சும்மா விடவில்லை. தெற்கிலிருந்து வேலைக்கு வந்து, வயதாகும்வரை எங்களோடேயே தங்கிவிட்ட ரஷ்யப் பெண்மணி அவள். "டாக்டர் குடுத்த சீட்டு எங்கடா?" என்றாள்.

"மறந்து வச்சுட்டு வந்துட்டேன் அக்கா."

"உன்னையே மறந்து வச்சுட்டு வந்திருக்கலாம்ல?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிமியெத்தும் சிரித்தான். அவன் ஓடி வந்திருக்கிறான் என்று எல்லோருக்கும் புரிந்தது. ஏன் என்றும் தெரியும். இரண்டு பல் தந்தமாக நீண்ட கடல் மிருகமான வால்ரஸ்களின் கூட்டம் கரைக்குத் திரும்பும் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒம்ரினாவின் அண்ணன் ஆய்மின்தான் வேட்டைப் படகின் தலைவன். அந்தப் படகில் கயிறு கட்டிய எறியீட்டியை எறிபவன் கிமியெத். அவன் இல்லாத அந்தக் கோடையில் குத்துப்பட்ட வால்ரஸ்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு மூழ்கிப்போயின. குளிர்காலத்தில் எந்த வீட்டில் இறைச்சி இருக்கும், எந்த வீட்டில் இருக்காது என்பது அவன் தோளைப் பொறுத்த விஷயம்.

ஸினாயிதா கரையிலிருந்த வேட்டைக்காரர்களின் குடிசைக்கே போனாள்.

"அவனப் படகுல ஏத்தாத, ஆய்மின். மருந்தப் பாதியில விட்டுட்டு வந்திருக்கான். உள்ள இருக்கறது சாகல, தூங்குது. நீங்க எல்லாரும் ஒரே குடிசையில அடஞ்சு கெடக்குறீங்க. கதவக்கூடத் தொறக்கறதில்ல."

"இந்த ஊர்ல இருமாதவன் எவன் இருக்கான் சொல்லு. எங்கப்பா இருமினாரு. சித்தப்பா இருமினாரு. என் நாய்கூட இருமுது."

"உங்கப்பா இருமியே செத்தாரு."

"சரி, அப்ப நீ வா. நீ வந்து ஈட்டிய எறி. நான் மாப்ளய வீட்டுக்கு அனுப்பிடுறேன்."

குடிசை சிரிப்பில் அதிர்ந்தது. ஒருவன் ஸினாயிதாவின் பருத்த உடம்பைப் பார்த்து, "அக்கா ஏறுனா படகு ஒரு பக்கமா சாயும்" என்றான். அவள் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டுப் போனாள். குளிர் வந்ததும் யாரோ எழுந்து மூடினார்கள்.

கிமியெத் கடலுக்குப் போனான். முதல் வீச்சிலேயே பெரிய ஆண் வால்ரஸ் ஒன்று விழுந்தது. ஊரே கரையில் நின்று பங்கு வாங்கிக்கொண்டு போனது. அன்று ஆய்மின் அவன் முதுகில் தட்டி, "ஆஸ்பத்திரிக் கஞ்சியில இவ்வளவு பலமா? எனக்கும் ரெண்டு மாசம் எடம் கேட்டு வையி மாப்ளே" என்றான்.

அடுத்த வாரம் நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஸினாயிதாவிடம் போனில் பேசினார்கள். ஓடிப்போனவனுக்கு நுரையீரலில் மட்டும் நோய் இல்லை, ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறது என்றார்கள். அவள் கிமியெத்தைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே, "தெரியும்" என்றான்.

"தெரிஞ்சுதான் ஓடி வந்தியா?"

"ரத்தம் பாத்தப்புறம் வேற வார்டுக்கு மாத்துனாங்க அக்கா. அங்க எல்லாரும் சொவத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தாங்க. ஒருத்தனும் பேசல. அங்க சாகறதுக்கு இங்க கடல்ல போறது மேல்னு தோணுச்சு."

"ரெண்டுக்கும் மருந்து இருக்குடா. ஒழுங்கா சாப்பிட்டா நீ பேரனப் பாக்கலாம்."

"சாப்பிடுறேன். மச்சான்கிட்ட மட்டும் சொல்லிடாத."

"நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனா ஒம்ரினாகிட்ட நீ சொல்லணும்."

"சொல்றேன்" என்றான். சொல்லவில்லை. துறைமுக நகரத்தில் நிலக்கரி இறக்கும் வேலைக்குப் போயிருந்த குளிர்காலத்தில், சமையற்கூடத்தில் இருந்த ஒருத்தியோடு அவன் தங்கியிருந்தான். அப்போது நுத்தெனா தவழ்ந்துகொண்டிருந்தாள். அதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் படகு கிளம்பிவிட்டது.

ஸினாயிதா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு வழி செய்தாள். ரொட்டிக்கூடத்தில் வேலை செய்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுக்க வேண்டும் என்று ஒம்ரினாவிடம் சொன்னாள். அவள் சந்தேகப்படாமல் கையை நீட்டினாள். அதே சாக்கில் குழந்தைக்கும் எடுத்தாள். ரத்தம் ஹெலிகாப்டரில் போனது.

முடிவு வந்த விதம்தான் ஒம்ரினாவை நொறுக்கியது. மருத்துவ அறையின் தொலைபேசி புயலில் செத்துப்போயிருந்தது. ஊராட்சி அலுவலகத்தின் நடையில் இருந்த போனில்தான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று நகரத்து விடுதிப் பள்ளியில் இருக்கும் மூத்த பிள்ளைகளோடு பேசுவதற்காக நடை நிறையப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஆய்மினின் மனைவி கிவினாவும் நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்ததும் ஸினாயிதாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்துக் குரல் காற்றில் கரைந்து கரைந்து வந்தது. அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

"கேக்கல! யாருக்கு? கொழந்தைக்கு இல்லயா? நல்லது! ஒம்ரினாவுக்கா? ஒம்ரினாவுக்கு எச்.ஐ.வி.யா? இன்னொரு தடவ சொல்லுங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் பின்னால் இருந்த அமைதி அவளுக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பியவள், அத்தனை முகங்களையும் பார்த்து, "நீங்க எதையும் கேக்கல" என்றாள். பிறகு சுவரில் சாய்ந்து அழுதாள். அவள் அழுதது சேதியை உறுதி செய்ததுபோல ஆகிவிட்டது.

மறுநாள் காலை ரொட்டிக்கூடத்துக்கு யாரும் வரவில்லை. வழக்கமாக ஒம்ரினா கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் பத்துப் பேர் காலை உதைத்துக்கொண்டு நிற்பார்கள். "சீக்கிரம் தொறடி, மூக்கு விழுந்துரும்" என்று கத்துவார்கள். அன்று ரொட்டிகள் அடுக்கில் சூடு ஆறிக் கிடந்தன. நண்பகலில் கிவினா மட்டும் வந்தாள். வாசலைத் தாண்டாமல் நின்றாள்.

"அண்ணி, என்ன ஆச்சு? ஏன் ஒருத்தரும் வரல?"

"உனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

கிவினா சொன்னாள். ஒம்ரினா தன் நோயைத் தெரிந்துகொண்டது அப்படித்தான். பிறகு கிவினா, "எங்க பிள்ளைங்களுக்கு இனிமே உன் வீட்டுல தின்னக் குடுக்காத. உங்கண்ணன் சொல்லச் சொன்னாரு" என்றாள்.

வீட்டுக்கு வீடு பெண்கள் மாவு வாங்கிப் பிசைந்து எண்ணெயில் அடை பொரித்துக்கொண்டார்கள். ஸினாயிதா ஒரு நாள் கடையில் எல்லோர் முன்னாலும் ஒம்ரினா சுட்ட ரொட்டியைப் பிய்த்து வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

"பாருங்க, திங்கிறேன்! ரொட்டியில இது ஒட்டாது, கையில ஒட்டாது. மூச்சுல ஒட்டறதுதான் இருமல். அந்த இருமல்காரனோட ஒரே குடிசையில உக்காந்து டீ குடிக்கிறீங்க, இவ ரொட்டியத் தொட மாட்டேங்கிறீங்க!"

"இருமல் நம்ம நோய்" என்றாள் ஒருத்தி. "அது தெரிஞ்ச நோய். இது எங்கருந்து வந்துச்சோ."

"எங்கருந்தா? மேலேருந்து" என்று இன்னொருத்தி வானத்தைக் காட்டினாள். "மாவு மூட்ட இறக்குறப்ப பைலட்டுங்களோட என்ன சிரிப்பு சிரிச்சா!"

சிரிப்பு எழுந்தது. அந்தப் பேச்சு கரைக் குடிசைக்கும் போனது. அங்கே கிமியெத் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஆய்மின் அவன் கையில் டீக் குவளையைக் கொடுத்து, "உன் தப்பில்ல மாப்ளே. நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப என் தங்கச்சிதான் எனக்குத் தலகுனிவு தேடித் தந்துட்டா" என்றான். கிமியெத் குவளையை வாங்கிக் குடித்தான்.

அன்று அவன் வீட்டுக்கு வந்தபோது ஒம்ரினா குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"நான் எந்த பைலட்டோட போனேன்?"

அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"சொல்லு கிமியெத். ஊரே சொல்லுது. நீ சொல்லு."

"துறைமுகத்துல" என்றான். இன்னொரு பூட்ஸையும் கழற்றிவிட்டு, "அந்தக் குளுருக்கு, தனியா இருந்தேன்" என்றான்.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

"தெரிஞ்சுக்கிட்டா வந்து என் பக்கத்துல படுத்த?"

அவள் அடிக்கக் கையை ஓங்கினாள். கை தானாகத் தாழ்ந்தது.

"நாளைக்குப் படகுல போய் உண்மையச் சொல்லு."

"சொன்னா ஏத்த மாட்டாங்க ஒம்ரினா. இருமல்னா பாவம்னு சொல்வாங்க. இதுன்னா குவளையக்கூடத் தொட விடமாட்டாங்க. அப்புறம் நான் எதுக்கு? இந்தப் பருவம் மட்டும் முடியட்டும். ஐஸ் கட்டட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

"அதுவரைக்கும் நான்?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அவளும் வெளியே சொல்லவில்லை. ஏன் என்று பின்னாளில் ஸினாயிதா கேட்டபோது, "கடலுக்குக் கிளம்புறப்ப மட்டும் அவன் முகம் மனுஷன் முகமா இருந்துச்சு அக்கா. அதையும் பிடுங்கிட்டா வீட்டுல எதக் கட்டிக்கிட்டு இருப்பேன்?" என்றாள்.

ஊராட்சி ரொட்டிக்கூடத்தை மூடியது. ஒம்ரினாவைக் கொதிகலன் கூடத்தில் கரி அள்ளும் வேலைக்கு மாற்றினார்கள். வாயில் போடுகிற எதையும் அவள் தொட வேண்டாம் என்றார்கள். அவள் அள்ளிப்போட்ட கரியின் சூடு குழாய் வழியாக எல்லா வீட்டுக்கும் போனது. அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஸினாயிதா கொடுத்த மாத்திரைகளை ஒம்ரினா விடாமல் விழுங்கினாள். கிமியெத்துக்கு இரண்டு நோய்க்கும் சேர்த்துக் கைநிறைய மாத்திரை. அவை குமட்டின, தலை சுற்றியது. ஆடுகிற படகின் முனையில் நின்று குறி பார்க்க முடியவில்லை. ஒரு நாள் அவற்றைக் கடலில் கொட்டினான். வேட்டையின் கடைசி நாட்களில் ஈட்டியை ஓங்கியவன் அப்படியே குனிந்து இருமினான். படகின் விளிம்பில் ரத்தம் தெறித்தது. ஆய்மின் கடல்நீரை அள்ளி அதைக் கழுவிவிட்டு, அவனைத் தன் மேலங்கிக்குள் அணைத்துக்கொண்டு கரை சேர்த்தான்.

கடல் உறைந்தது. ஸினாயிதா தினமும் ஹெலிகாப்டர் கேட்டுக் கத்தினாள். நகரத்தில் வானம் தெளிந்தால் இங்கே புயல். இங்கே தெளிந்தால் அங்கே மூடுபனி. கிமியெத் வீட்டில் கிடந்தான். படகுக்காரர்கள் மாறி மாறி வந்து அவனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நல்லவர்கள், அவன்மேல் உயிராக இருந்தவர்கள். கடல்நாய் ஈரலைக் கொண்டுவந்து ஊட்டினார்கள். அவன் நெஞ்சைத் தடவிக் கொடுத்தார்கள். குளிரும் என்று துணியைத் திணித்து ஜன்னல் இடுக்குகளை அடைத்தார்கள். ஒம்ரினா டீ கொண்டுவந்து வைத்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். குவளைகளில் டீ ஆடை படிந்து ஆறும். நுத்தெனா அப்பாவின் கால்மாட்டில் விளையாடிக்கொண்டிருப்பாள். ஸினாயிதா அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனால், அழுதுகொண்டே திரும்பி ஓடிவந்துவிடுவாள்.

ஒரு நாள் அப்படி டீ ஆறிக்கொண்டிருந்தபோது கிமியெத், "மச்சான், மத்தவங்களப் போகச் சொல்லு" என்றான். அவர்கள் போனார்கள்.

"அவ எந்த பைலட்டோடயும் போகல. நான்தான் கொண்டாந்தேன்."

ஆய்மினுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கை முஷ்டியானது. படுத்திருந்தவனின் மார்பில் எலும்புகள் எழும்பித் தாழ்ந்தன. அவனை என்ன செய்ய முடியும்? ஆய்மின் எழுந்தான். வெளிக்கதவருகே, உள்ளே பேசியது கேட்காத தூரத்தில், கரிபடிந்த கையோடு தங்கை நின்றிருந்தாள். அவளைத் தாண்டி, அவள் முகத்தைப் பார்க்காமல், வெளியே போனான். அவன் இன்னமும் தன்னை அருவருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கிமியெத் செத்தபோது சாவு உடுப்பு தைக்க எந்தப் பெண்ணும் வரவில்லை. வெள்ளைக் கலைமான் தோலை ஒம்ரினா ஒருத்தியே வெட்டித் தைத்தாள். தூக்க வேண்டியவர்கள் மட்டும் வந்தார்கள். ஆய்மின் சறுக்குவண்டியை முன்னால் நின்று இழுத்தான். எங்கள் வழக்கப்படி மலைமேல் கற்களுக்கு நடுவே அவனைக் கிடத்தி, அவனுடைய எறியீட்டியின் காம்பை முறித்துப் பக்கத்தில் வைத்தார்கள். இறங்கி வரும்போது ஆய்மின் இரண்டு தடவை நின்று இருமினான். கிமியெத் சொன்னதை ஆய்மின் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. செத்தவன் பேர் கெடக்கூடாது என்று நினைத்தானோ, தான் பேசிய பேச்சுக்கு வெட்கப்பட்டானோ, தெரியாது. ஊர் ஒம்ரினாவைப் பற்றிப் பேசியதையே பேசிக்கொண்டிருந்தது.

மார்ச் மாதம் ஹெலிகாப்டரில் எக்ஸ்-ரே பெட்டியோடு ஒரு குழு வந்தது. பள்ளிக்கூடத்தில் வைத்து ஊரையே படம் எடுத்தார்கள். படகில் போனவர்களில் பாதிப் பேருக்கு நுரையீரலில் ஓட்டை இருந்தது. ஆய்மினுக்கு இரண்டு பக்கமும். நுத்தெனாவுக்கும் வந்திருந்தது. குழுவோடு வந்த இளம் டாக்டர் ஸினாயிதாவிடம், "மருந்த நடுவுல விட்டவங்ககிட்டேருந்து வந்தா, பழைய மருந்துக்கு அது சாகாது. வேற மருந்து குடுக்கணும். ரொம்ப நாள் ஆகும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது" என்றார்.

நோயாளிகளை நகரத்துக்குக் கொண்டுபோகும் நாளில் ஒம்ரினா பையில் குழந்தையின் துணியை எடுத்துக்கொண்டு தளத்துக்கு வந்தாள். தன் துணியும் அதில் இருந்தது. டாக்டர் தலையை ஆட்டினார்.

"நீங்க வர முடியாதும்மா. உங்க நுரையீரல் சுத்தமா இருக்கு. உங்க ரத்தத்துல இருக்கறதுக்கு அந்த வார்டுக்குள்ள வந்தா மொதல்ல உங்களுக்குத்தான் ஒட்டும்."

"ஒட்டட்டும்."

"அப்ப இந்தக் கொழந்தைக்கு யாரு இருப்பா?"

அவள் பையிலிருந்து தன் துணிகளை எடுத்தாள். காற்று ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போனது. அவள் அதன் பின்னால் போகவில்லை. முகமூடி கட்டியவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். நுத்தெனா அவள் கழுத்தை விடாமல் அலறினாள். அப்போது ஆய்மின் வரிசையிலிருந்து விலகி வந்தான். இலையுதிர் காலத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தங்கைக்கு நேரே நின்றான்.

"குடு. நான் தூக்கிக்கிறேன்."

"அண்ணே..."

"நான் மடியிலயே வச்சுக்கிறேன். குடு."

குழந்தையை வாங்கும்போது அவன் கை அவள் கையைப் பிடித்து அழுத்தியது. ஏதோ சொல்ல வந்தான், இருமல் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்படியே ஏறிவிட்டான்.

அந்தக் கோடையில் எங்கள் ஊரிலிருந்து படகு போகவில்லை. மிச்சமிருந்தவர்கள் கரையில் உட்கார்ந்து, தூரத்தில் வால்ரஸ் கூட்டம் கத்திக்கொண்டு கடந்து போவதைக் கேட்டார்கள். கப்பலில் வந்த டப்பா இறைச்சியைத் தின்றோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒம்ரினா ஊராட்சி நடையில் போனுக்காக நிற்பாள். அவளுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டு நிற்பார்கள். நுத்தெனா ரஷ்ய மொழியில் பேச ஆரம்பித்திருந்தாள். தாய்மொழியில் கேட்டால் கொஞ்சம் யோசித்துச் சொல்வாள். மாமா ஒவ்வொரு வாரமும் பெரியவர்கள் கட்டடத்திலிருந்து இறங்கி வந்து, குழந்தைகள் வார்டின் ஜன்னலுக்குக் கீழே நின்று கையை ஆட்டுகிறார் என்றாள். வால்ரஸ் மாதிரி இரண்டு விரலைப் பல்லாக வைத்துக் காட்டுகிறார், நர்ஸ்கூடச் சிரிக்கிறாள் என்றாள்.

பனி திரும்ப விழுந்த சமயத்தில் கிவினா கொதிகலன் கூடத்துக்கு வந்தாள். உள்ளே வந்து கரிக்குவியல்மேலேயே உட்கார்ந்தாள்.

"உங்கண்ணன் போயிட்டாரு. இப்பத்தான் போன் வந்துச்சு."

ஒம்ரினா மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"மாப்ள சொன்னத அவரு எங்கிட்ட ஹெலிகாப்டர்ல ஏறப் போறப்பத்தான் சொன்னாரு" என்றாள் கிவினா. "உன்கிட்டப் போய் மன்னிப்புக் கேளுன்னாரு. ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லுன்னாரு. எனக்கு வாய் வரல. மாப்ளயோட ஒரே குவளையில குடிச்ச என் பிள்ளைங்க அப்பனையும் அப்படித்தானே பேசுவாங்கன்னு இருந்துட்டேன்."

"இப்ப சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன அண்ணி?"

இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூடு குறைந்தது. ஒம்ரினா எழுந்து கரி அள்ளிப் போட்டாள். கிவினா போகும்போது அவளைத் தொடவில்லை. தொடலாமா என்று நின்றுவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நுத்தெனாதான் முதலில் பேசினாள்.

"அம்மா, மாமா ஜன்னலுக்கு வரல. நான் ரொம்ப நேரம் நின்னேன்."

குழந்தையிடம் அங்கே யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஒம்ரினாவுக்குப் பின்னால் வரிசை காத்திருந்தது.

"மாமா கடலுக்குப் போயிட்டாரும்மா."

"அப்பா போனாரே, அந்தக் கடலுக்கா?"

"ஆமா."

பிறகு நுத்தெனா, இன்று ஊசி போட்டார்கள், வலிக்கவில்லை, பக்கத்துக் கட்டில் பையன் வீட்டுக்குப் போய்விட்டான் என்று சொன்னாள். உண்மையிலேயே வீட்டுக்குப் போனானா, செத்ததைத்தான் அப்படிச் சொன்னார்களா என்று ஒம்ரினா கேட்கவில்லை. நன்றாகச் சாப்பிடு என்றாள். மாத்திரையைத் துப்பாதே என்றாள். நடுவில் இணைப்பு அறுந்தது. அது தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு போனைத் தன் சட்டை நுனியால் துடைத்து வைத்துவிட்டு, அடுத்தவளுக்கு வழிவிட்டாள். அந்த வாரமும் ஹெலிகாப்டர் வரவில்லை. அதில்தான் ஒம்ரினாவின் மாத்திரைகள் வர வேண்டும், கையிலிருந்தவை தீரும் நிலையில் இருந்தன.